ஒரு கூடை மண்ணும் கிடையாது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா நலம், பசு நலம், வயலும் நலம். கடைசியில் சொன்னது அப்படியே இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் கடிதம் வந்தது. கல்யாணச் செலவுக்கும், புத்தூரில் நீ பார்த்து வைத்திருக்கும் மனைக்கும் சேர்த்து, கொள்ளிடக்கரை வயலில் ஒரு முழ ஆழத்துக்கு மண் எடுத்துக்கொள்ளும்படி சூளைக்காரரிடம் சொல்லிவிடலாம், அம்மா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று எழுதியிருக்கிறாய். "நிலம் நம்மிடமேதான் இருக்கும், மேல்மண் மட்டும்தான் போகும்" என்று எழுதி அதற்குக் கீழே கோடு வேறு போட்டிருக்கிறாய். டிராயிங் ஆபீசில் வேலை பார்க்கிறவன் போட்ட கோடு, நேராகத்தான் இருக்கிறது. கடைசிவரை படிக்க உனக்குப் பொறுமை இருக்குமோ இருக்காதோ, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியாது. ஒரு முழம் என்ன, ஒரு கூடை மண்கூடத் தரமாட்டேன்.

இந்த வரியை எழுதும்போது உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டார். "கொஞ்சம் பதமா எழுதேன். கல்யாணம் பண்ணிக்கப் போற பையன்" என்றார். "பதமா எழுதினா அவனுக்குப் பாதிதான் புரியும்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். உன் கடிதம் வந்த அன்று அவர் உன் பக்கம் இருந்தார், நான் பேசி முடித்ததும் என் பக்கம் வந்துவிட்டார், நாளைக்கு நீ நேரில் வந்து பேசினால் மறுபடியும் உன் பக்கம் போவார். பள்ளிக்கூடத்தில் இத்தனை பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுத்த மனிதர், வீட்டில் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் சரி என்பார். அதனால்தான் அவரை எழுதச் சொல்லாமல் நானே எழுதுகிறேன். அதோடு, அந்த வயல் அவருடையதும் இல்லை, உன்னுடையதும் இல்லை. என்னுடையது.

அது எப்படி என்னுடையது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. என் கல்யாணத்தில் என் அப்பா எனக்கு எழுதிக் கொடுத்த மஞ்சக்காணி அது. பெண்ணுக்கு நகை போடுவார்கள், பாத்திரம் கொடுப்பார்கள், அதெல்லாம் புருஷன் வீட்டில் அடகுக்குப் போய்விடும். மஞ்சள் வாங்கக்கூட என் பெண் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது என்று நினைக்கிற அப்பன் துண்டு நிலம் எழுதி வைப்பான். அதற்குத்தான் அந்தப் பெயர். மூன்று மா நஞ்சை, ஓர் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட வரும். கோயிலின் வடக்கு வாசலுக்கு வெளியே, நம் வீட்டிலிருந்து நடந்தால் வியர்ப்பதற்குள் போய்விடலாம். வரப்பில் நின்று தெற்கே திரும்பினால் கோபுரங்களுக்குப் பின்னால் மலைக்கோட்டை தெரியும். வாத்தியார் சம்பளம் மாதக் கடைசியில் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். இந்த வீட்டில் ஒரு நாள்கூட அரிசிப்பானை காலியாக இருந்ததில்லை, உன் காலேஜுக்குக் கட்டவேண்டிய சம்பளம் ஒரு தவணைகூடத் தவறியதில்லை என்றால் அது அந்த மூன்று மா நிலத்தின் தயவு. நீ இன்று நேராகக் கோடு போடுகிறாயே, அந்தக் கையில் இருப்பது அந்த வயலின் சோறு.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு பிள்ளையார் சதுர்த்திக்கு, கடையில் வாங்க வேண்டாம், நானே செய்கிறேன் என்று நம் வயலிலிருந்து ஒரு கூடை களிமண் கொண்டு வந்தாய். பிள்ளையார் நன்றாகத்தான் வந்தார், தும்பிக்கை மட்டும் காய்ந்து விழுந்துவிட்டது. பூஜை முடிந்து தெருப் பிள்ளைகள் எல்லாரும் காவேரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உன்னை மட்டும் நான் வயலுக்கு இழுத்துக்கொண்டு போய், எடுத்த இடத்திலேயே போடச் சொன்னேன். நீ வாய்க்கால் மதகில் உட்கார்ந்து அழுதாய். "எல்லா அம்மாவும் ஆத்துல போடச் சொல்றாங்க, நீ மட்டும் ஏம்மா இப்படி இருக்கே" என்று கேட்டாய். பிள்ளையாருக்குக் காவேரியும் ஒன்றுதான், நம் வயலும் ஒன்றுதான், மண்ணுக்கு அப்படி இல்லை என்று சொன்னேன். அழுகிற பிள்ளைக்கு அது புரிந்திருக்காது. இப்போது அழுகிற வயது இல்லையே, புரிந்துகொள்.

நான் பிடிவாதக்காரி என்று நீ உன் சிநேகிதர்களிடம் சொல்லியிருப்பாய். சொல்லிக்கொள் என்றுதான் இருக்கிறேன். ஆனால் காரணம் இல்லாத பிடிவாதம் என்று நினைத்துவிடாதே. நம் வயலுக்கு மேற்கே இருப்பது ரெங்கசாமி அண்ணனுடைய வயல். நீ ஹைஸ்கூல் முடிக்கிற சமயத்தில் அவர் மகள் கல்யாணம் கூடி வந்தது. அப்போதுதான் டவுனில் எங்கே பார்த்தாலும் வீடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள், செங்கல்லுக்குப் போட்டி. நடேசன் என்பவர் கொள்ளிடக்கரைப் பக்கம் சூளை போட்டார். ஆற்று வண்டல் படிந்த மண், கல் அறுத்தால் வெடிக்காது, வெந்தால் மணி மாதிரி சத்தம் கேட்கும் என்று அவருக்கு நம் பக்கத்து மண்மேல் ஆசை. ரெங்கசாமி அண்ணன் என்னிடம்தான் முதலில் வந்து சொன்னார். "மண்ணைத்தான தங்கச்சி கேக்கறான், நெலத்தையா கேக்கறான்? எடுத்துட்டுப் போகட்டும். ரெண்டு ஆடி போனா காவேரி தூர்த்துடுவா. அவ குடுக்காததா?" என்றார்.

இந்தத் தீவில் பிறந்தவர்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பான கணக்குப் போடமாட்டார்கள். இரண்டு பக்கமும் ஆறு. ஆடியில் புதுத்தண்ணீர் செக்கச் செவேல் என்று வந்து, வடிந்த பிறகு வாய்க்காலில் விரற்கடை வண்டல் நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். மண் என்பது ஆண்டுதோறும் தானாக வருவது, மழை மாதிரி, வெயில் மாதிரி என்று எங்களுக்கு எண்ணம். மேட்டூரில் அணை கட்டிய பிறகு அந்தச் சிவப்பு வெளுத்துக்கொண்டே வருகிறது என்பதையும் நாங்களே பார்த்தோம், பார்த்துவிட்டு நாங்களே பேசினோம். ஆனால் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. வண்டி வண்டியாக மண் போனது. கல்யாணம் நன்றாக நடந்தது, நானும் போய்ச் சாப்பிட்டேன், பாயசம் நன்றாகவே இருந்தது. அந்த மனிதர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் கிடையாது.

ஆடி வந்தது. தண்ணீர் வந்தது, மண் வரவில்லை. அடுத்த ஆடியும் அப்படியே. மேலே இருந்த கறுப்பு மண் போய், அடியில் இருந்த வெளிறிய மண்ணில் அண்ணன் நாற்று நட்டார். பயிர் மஞ்சளடித்துக்கொண்டு நின்றது. எருவைக் கொட்டினார், கடையில் விற்கும் உப்பு உரத்தை வாங்கிக் கொட்டினார். கொஞ்சம் தலையெடுத்ததும் ஐப்பசி மழை பிடித்தது. வடிகாலைவிட வயல் பள்ளமாகிவிட்டதே, தண்ணீர் எங்கே போகும்? பயிர் மூழ்கி அழுகியது. இப்போது அங்கே கோரை முளைத்துக் கிடக்கிறது, தவளை கத்துகிறது. தீர்வை மட்டும் நஞ்சை என்றே வருகிறது, அவரும் கட்டிக்கொண்டிருக்கிறார். மகனை அதே சூளைக்குக் கல் சுமக்க அனுப்புகிறார். ரேஷன் கடை வரிசையில் அந்த அண்ணி கோதுமைக்கு நிற்பதை நீயும் பார்த்திருப்பாய். சொந்த நெல்லைக் குத்திச் சாப்பிட்ட குடும்பம் அது.

சரி, அவர் மண், அவர் விற்றார், அவர் அனுபவிக்கிறார், உனக்கென்ன என்று கேட்பாய். அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். அவர் வயல் பள்ளமான வருஷமே நம் வயலில் தண்ணீர் நிற்கவில்லை. மடையைத் திறந்து நிரப்பிவிட்டு வருவேன். மறுநாள் போனால் சேறு வெடித்துக் கிடக்கும். வரப்புக்கு அடியில் புகுந்து எல்லாம் அந்தப் பள்ளத்துக்குப் போய்விடும். பத்திரத்தில் அது வேறு வயல், இது வேறு வயல். தண்ணீருக்குப் பத்திரம் படிக்கத் தெரியாது. நமக்கு அடுத்து வடக்கே இருந்தவர்களுக்கும் இதே கதிதான். "மேடா நின்னு என்ன பண்றது, நாமும் வெட்டிட்டா மட்டம் சரியாயிடும்" என்று அவர்களும் விற்றார்கள். அவர்கள் விற்றதும் அவர்களுக்கு அடுத்தவர்கள் மேடானார்கள். இப்படி ஒருவர் பின் ஒருவராக, யாருக்கும் ஆசையில்லாமலே வரிசையாக விற்றார்கள். முதல் ஆள் விற்றது கல்யாணத்துக்கு. மற்றவர்கள் விற்றது பக்கத்து வயலுக்குப் பயந்து. நம் வயலும் கிழக்கே ஒட்டிய இரண்டு வயலும் மட்டும் நடுவில் திட்டாக நின்றது. இன்றும் நிற்கிறது.

நடேசன் கெட்டவர் இல்லை. வரும்போதெல்லாம் பழம் வாங்கிக்கொண்டு வருவார், உன் அப்பாவைக் கண்டால் எழுந்து நிற்பார். ஆனால் அவர் வண்டிப்பாதை நேராகப் போக நம் வயல் இடைஞ்சல். நான் மறுக்க மறுக்க விலையை ஏற்றிக்கொண்டே போனார். அப்புறம் ஒரு நாள் அவர் ஆட்கள் ரெங்கசாமி அண்ணன் பக்கம் மிச்சம் இருந்த மண்ணை வெட்டிக்கொண்டே வந்து நம் வரப்பின் அடியில் மண்வெட்டியை வைத்தார்கள். வரப்பு நூலாக இளைத்துப் போயிருந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு, முறத்தில் ஒரு கட்டு முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு, போய் அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். நடேசன் ஓடிவந்தார்.

"வாத்தியாரம்மா, வெயில்ல ஏன் உக்காந்திருக்கீங்க? ஆளுங்க வேலை பார்க்கட்டும், எந்திரிச்சு வாங்க."

"அவங்க வேலையை அவங்க பார்க்கட்டும். நான் என் வரப்புல உக்காந்து கீரை ஆயறேன். என் கால் இடிக்குதுன்னா தள்ளி வெட்டச் சொல்லுங்க."

"எவ்வளவு நேரம் உக்காந்திருப்பீங்க?"

"கீரை தீர்ற வரைக்கும். தீர்ந்துட்டா வீட்டுல புளி இருக்கு, கொட்டை எடுக்கணும். அதுவும் தீர்ந்துட்டா நாளைக்கும் சமைக்கணும்ல."

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு உன் அப்பா வந்தார். என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போகத்தான் வந்தார் என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் என் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் கட்டைப் பிரித்தார். "சார், நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றார் நடேசன். "நான் பேப்பர் திருத்திக்கிட்டு இருக்கேன்" என்றார் உன் அப்பா, தலையைத் தூக்காமல். முப்பது நாளும் மற்றவர்கள் பேச்சைக் கேட்கிற மனிதர் அன்று யார் பேச்சையும் கேட்கவில்லை. அவரைக் கட்டிக்கொண்டதற்கு நான் மிகவும் சந்தோஷப்பட்ட நாள் அது. ஆட்கள் ஓர் ஆள் நடக்கிற அகலம் தள்ளி வெட்டிக்கொண்டு போனார்கள்.

அதே சாயங்காலம் நீயும் அந்தப் பக்கம் வந்தாய். காலேஜ் சிநேகிதர்கள் இரண்டு பேரோடு சைக்கிளில். என்னைப் பார்த்தாய், அப்பாவைப் பார்த்தாய், மணியை அடித்துக்கொண்டு இறங்காமலே போய்விட்டாய். வீட்டுக்கு வந்த பிறகு "ஊரே சிரிக்குதும்மா" என்று சொன்னாய். ஊர் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை. நீ இறங்காமல் போனது வலித்தது. இன்றும் வலிக்கிறது. இதை இத்தனை நாள் சொல்லவில்லை, இப்போது சொல்லாவிட்டால் இனிமேல் உன் பெண்டாட்டி முன்னால் சொல்ல வேண்டியிருக்கும், அது உனக்கு அழகில்லை.

வயலைக் காப்பாற்றியது அந்தக் கீரைக்கட்டு மட்டும் இல்லை. மேற்குப் பக்கம் வரப்பை அகலமாக்கினேன். அகலமாக்க வேண்டுமென்றால் நம் வயலைத்தான் குறைக்கவேண்டும். நீளவாக்கில் ஒரு பட்டை முழுக்க நெல் போடாமல் விட்டு, களிமண்ணை மிதித்து அடித்து, கொள்ளிடத்திலிருந்து நாணல் பெயர்த்து வந்து நட்டேன். அது வேர்விட்டு மண்ணைப் பிடிக்கிற வரைக்கும் இரண்டு போகம் அரைவிளைச்சல்தான். தண்ணீர் நிற்காத மேற்குப் பாதியில் நெல்லை விட்டுவிட்டு வாழை வைத்தேன், வாழைக்கு நின்ற தண்ணீர் ஆகாது அல்லவா. முதல் வருஷம் குலை தள்ளுகிற நேரத்தில் காற்றடித்து எல்லாம் சாய்ந்தது. அடுத்த வருஷம் முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். இப்போது பூவனும் ரஸ்தாளியும் அங்கேயிருந்துதான் மார்க்கெட்டுக்குப் போகிறது. கேட்டுக்கொள், தம்பி. மண்ணை நான் விற்கவில்லை. விற்காத மண்ணுக்கும் விலை கொடுத்தது நான். வரப்புக்கு விட்ட இடம், அரைவிளைச்சல், சாய்ந்த வாழை, ஆள்கூலி, எல்லாம் யாரோ விற்ற மண்ணுக்காக என் கைவிட்டுப் போனது. அது அண்ணன் கணக்கிலும் வரவில்லை, நடேசன் கணக்கிலும் வரவில்லை. அந்தச் செங்கல்லை வாங்கி வீடு கட்டியவர் கணக்கில் வரவே வராது.

உன் கணக்கிலும் வரவில்லை. நீ எழுதியிருக்கிறாய்: மண்ணுக்குக் கிடைக்கும் தொகை இத்தனை வருஷ வெள்ளாமைக்குச் சமம், அதை இன்றே ஒரே கையில் வாங்கிக்கொள்ளலாம், அதன் பிறகும் வயல் விளைந்துகொண்டுதான் இருக்கும் என்று. முதல் பாதி சரி, நானும் கூட்டிப் பார்த்தேன். இரண்டாவது பாதியில்தான் நீ ஏமாந்துவிட்டாய். மேல்மண் போன வயல் பழைய வயல் இல்லை. கறவை நின்ற மாட்டையும் மாடு என்றுதான் சொல்வோம், ஆனால் செம்பை எடுத்துக்கொண்டு போகமாட்டோம். அப்படிப்பட்ட வயலுக்கு எரு எவ்வளவு கொட்டவேண்டும், உரம் எவ்வளவு வாங்கவேண்டும், மழையில் மூழ்கினால் மறுநடவுக்கு நாற்றுக்கு எங்கே போவது, இதெல்லாம் உன் தாளில் எந்த வரியில் இருக்கிறது? நடவுக்கு வருகிற பெண்கள் வேலையில்லாமல் சூளைக்குப் போய்விட்டால் பிறகு கூப்பிட்டால் வருவார்களா? நாளைக்கே ஒரு கஷ்டம் வந்து நிலத்தையே விற்கப் போனால், பள்ளத்தை யார் நஞ்சை விலைக்கு வாங்குவார்கள்? நம் கிழக்குப் பக்கத்தில் வெட்டாமல் நிற்கிற இரண்டு குடும்பங்கள் நம்மைப் பார்த்துத்தான் நிற்கிறார்கள். நாம் பள்ளமானால் அவர்கள் மேடாகிவிடுவார்கள். ரெங்கசாமி அண்ணன் தெரியாமல் நமக்குச் செய்ததை நாம் தெரிந்தே அவர்களுக்குச் செய்யவேண்டும் என்கிறாய். செய்யமாட்டேன்.

உன் தொழிற்சாலைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கைலாசபுரத்தில் உனக்குக் கொடுத்த குவார்ட்டர்சைப் பார்க்க வந்தபோது குழாயைத் திறந்து திறந்து பார்த்தது நான்தான், தெருவெல்லாம் என் பிள்ளை பெரிய கம்பெனியில் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு திரிவதும் நான்தான். ஜனங்களுக்கு வீடு வேண்டும், வீட்டுக்குச் செங்கல் வேண்டும். விளையாத மேட்டிலும் மண் இருக்கிறது, கொஞ்சம் தூரம், வண்டிக்கூலி கூட ஆகும், கல் கொஞ்சம் விலை ஏறும். ஏறட்டுமே. அந்த விலையைக் கொடுக்க மனசில்லாமல்தான் எங்கள் சோற்று மண்ணை மலிவாகக் கேட்கிறார்கள். அரிசிக்கு இவ்வளவு பஞ்சம் பேசுகிற காலத்தில், நெல் விளைகிற மண்ணைச் சுட்டுச் சுவராக அடுக்கிவிட்டு, அந்தச் சுவருக்குள் உட்கார்ந்து சோற்றுக்கு என்ன செய்வது என்று யோசிக்கிறார்கள். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்புதான். இது எந்த வகுப்பில் சரி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று உன் அப்பாவைக் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

பெற்றவர்கள் பிள்ளைக்கு நீளமாக எழுதினால் நடுவில் தங்கள் தப்பை ஒப்புக்கொள்வது வழக்கம். நானும் தேடிப் பார்த்தேன். உன்னைக் கொஞ்சம் அதிகமாக அடித்திருக்கிறேன், உன் அப்பாவை அதிகமாக விரட்டியிருக்கிறேன். இந்த வயல் விஷயத்தில் மட்டும் என்னிடம் ஒப்புக்கொள்ள ஒன்றும் இல்லை. கேட்டு வருத்தப்படுவாயானால் வருத்தப்படு.

இனி வையம்பட்டிக்கு, உன் பெண் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயதார்த்தத்தன்று ஆண்களெல்லாம் பந்தியில் இருந்தபோது கோமதி என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கிணற்றைக் காட்டினாள். நான்தான் காட்டச் சொன்னேன், மருமகளாக வருகிறவள் என்னிடம் தனியாக எப்படிப் பேசுகிறாள் என்று பார்க்க ஆசை. எட்டிப் பார்த்தேன், அடியில் தண்ணீர் எங்கே என்று தேடவேண்டியிருந்தது.

"எங்க தாத்தா காலத்துல மாடு கட்டி இறைச்சா காலையில கொறஞ்சது சாயங்காலம் ஊறிடுமாம் அத்தை. பக்கத்து வயக்காட்டுல ஆயில் எஞ்சின் வச்சாங்க. எங்க கிணறு எறங்கிடுச்சு. அப்பா ஆழப்படுத்தினாரு. உடனே அவங்களும் ஆழப்படுத்தினாங்க. ஒவ்வொரு தடவை வெட்டறதுக்கும் ஒரு துண்டு நெலம் வித்தோம். இப்ப கிணறு பெருசா இருக்கு, பாய்ச்சறதுக்கு நெலம்தான் இல்ல."

அழுதுகொண்டு சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். நம் வயலைப் பற்றி அவளிடம் சொன்னேன். நீ சும்மா பேச்சுவாக்கில் என்னிடம் மண்ணைப் பற்றி ஒரு தரம் கேட்டிருந்தாயே, அதையும் சொன்னேன். "எங்களுக்குத் தண்ணி கீழ போச்சு, உங்களுக்கு மண்ணு போகப் பாக்குது" என்றாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "குடுத்துடாதீங்க அத்தை" என்றாள். இதற்காக அவளிடம் சண்டைக்குப் போனாயானால் என்னிடம் பதில் சொல்லவேண்டி வரும். கல்யாணப் புடவைக்கு எவ்வளவு ஆகும் என்று அவள் கேட்கவில்லை, புத்தூர் மனையைப் பற்றியும் கேட்கவில்லை. உனக்கு நல்ல பெண் கிடைத்திருக்கிறாள். உன் கெட்டிக்காரத்தனத்தால் கிடைத்தவள் இல்லை, அதிர்ஷ்டம்தான்.

ஆகவே நடக்கப்போவது இதுதான். கல்யாணம் நம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடக்கும். சத்திரம் வேண்டாம், பேண்டு வேண்டாம். சம்பா அரிசி நம் வயலது, வாழைமரமும் இலையும் பழமும் நம் வயலது. வருகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போவார்கள். சீர் குறைவு என்று யாராவது முணுமுணுத்தால் என்னிடம் அனுப்பு. புத்தூர் மனை உன் சம்பளத்தில் வரும்போது வரட்டும். அவசரமாக வாங்கும் வீட்டுக்கு என் வயல் அஸ்திவாரம் ஆகாது.

இன்னொன்று. எனக்குப் பெண் பிறக்கவில்லை. மஞ்சக்காணியை யாருக்குக் கொடுப்பது என்று ரொம்ப நாளாக எனக்கு ஒரு குறை இருந்தது. எனக்குப் பிறகு அது தானாக உனக்கு வரும், வந்த மறுநாள் நடேசன் பழத்தோடு உன்னைப் பார்க்க வருவார். அதற்கு நான் இடம் கொடுக்கமாட்டேன். அந்த மூன்று மா நிலத்தையும் கோமதி பெயருக்கு எழுதப் போகிறேன். பெண்ணைப் பெற்றவர்கள்தான் மஞ்சக்காணி கொடுப்பார்கள், பிள்ளையைப் பெற்றவள் மருமகளுக்குக் கொடுத்ததாக இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. இனிமேல் கேட்கட்டும். உன் அப்பாவிடம் சொன்னேன். முதலில் திடுக்கிட்டார், பிறகு "அவன் என்ன சொல்லுவான்?" என்றார், அதன் பிறகு "நல்லதுதான்" என்றார். மூன்றாவதை நான் எடுத்துக்கொண்டேன். இனி மண் வேண்டுமென்றால் உன் பெண்டாட்டியைக் கேட்டுப் பார். அவள் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பதிவு ஆபீசுக்குப் போகிறோம். போகிற வழியில் வயலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன், அந்த மேற்கு வரப்பில் நிற்பேன். நீ என் கையெழுத்தைக் கேட்டிருந்தாய், அந்தப் பத்திரத்தில் போடுகிறேன். அதற்குக் கீழே சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டும். யாரையாவது கூப்பிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் உன் அப்பா. யாரோ எனக்கு வேண்டாம், நீ வந்து போடவேண்டும். லீவு சொல்லிவிட்டு வா. இந்தத் தடவை சைக்கிளைவிட்டு இறங்கி வா.

அம்மா